தலைகுந்தாவில் உறைபனி: மூடி வைத்த செடிகளே அதிகம் கருகுகின்றன, எங்கே தவறு?

தலைகுந்தா தோட்டம் கேட்டது:

வணக்கம். தலைகுந்தாவில் சரிவு முடிகிற அடியில் 10 சென்ட் தோட்டம். கீழ்ப்பக்க எல்லையில் ஓடையை ஒட்டி உயிர்வேலி அடர்த்தியாக நிற்கிறது. ஒட்டுக் கட்டிய பட்டர் ஃப்ரூட் கன்று 3 (இரண்டு வயது, இடுப்பு உயரம்), பிளம்ஸ் 2, பேரி 1, மரத்தக்காளி 4, ஒரு வரிசை ஹைட்ரேஞ்சியா, தொட்டிகளில் ஃபியூஷியா, பிகோனியா, ஜெரேனியம். ஒரு பாத்தியில் பீன்ஸ், ஒரு பாத்தியில் கேரட்.

நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கியதும் செய்தவை இவை. குளிர்நாட்டுத் தோட்டக் குறிப்புகளில் சொல்லியிருந்தபடி எல்லாச் செடிக்கும் அடியில் அரை அடிக்கு வைக்கோல் மூடாக்கு போட்டாயிற்று. பட்டர் ஃப்ரூட், மரத்தக்காளி தலைகளுக்குப் பாலிதீன் பை மாட்டி, தண்டோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டியாயிற்று. பகலிலும் அவிழ்ப்பதில்லை. தினமும் மாலை 6 மணிக்கு இலை நனையத் தண்ணீர் பீய்ச்சப்படுகிறது.

பையைத் தொட்டுக்கொண்டிருந்த இலைகள் எல்லாம் கருகிவிட்டன. மூடாமல் விட்ட ஹைட்ரேஞ்சியாவில் நுனித் தளிர் மட்டும்தான் போயிருக்கிறது. செல்போனில் காலை 4 டிகிரி என்று காட்டுகிறது, வெளியே புல் உப்புக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கிறது. எதை மாற்ற வேண்டும்?


கோத்தகிரி மிலார் எழுதியது:

நீங்கள் செய்த ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊருக்குச் சரியானது. காஷ்மீரிலும் ஐரோப்பாவிலும் குளிர்காலத்தில் மண்ணே உறைந்து கிடக்கும். உறைந்து இளகும்போது மண் பொங்கி வேரை மேலே தூக்கிவிடும். அங்கே மூடாக்கு வேருக்கான போர்வை. நீலகிரியில் மண் அப்படி உறைவதில்லை. பகலில் நல்ல வெயில், விடியலுக்கு முன் சில மணி நேரம் மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே. இங்கே அடிபடுவது வேர் அல்ல, இலையும் இளம் தண்டும்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் மண், இலை எல்லாமே தம் சூட்டை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கின்றன. இலை மெல்லியது, சீக்கிரம் ஆறிவிடும். மண் ஆழமானது, பகலில் குடித்த வெயிலை விடிய விடியக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். உங்கள் தோட்டத்துக்கு இரவில் இருக்கும் ஒரே அடுப்பு அந்த மண்தான். வைக்கோல் போட்டு அடுப்பை மூடிவிட்டீர்கள். பகல் வெயில் மண்ணுக்குள் இறங்கவும் வழியில்லை, இரவில் சூடு மேலே வரவும் வழியில்லை. போதாததற்குப் பையைத் தண்டோடு கட்டியதால், வருகிற கொஞ்ச நஞ்சச் சூடும் செடிக்குப் போய்ச் சேரவில்லை.

முதலில் வைக்கோலை வாரி ஓரமாகக் குவியுங்கள். தண்டைச் சுற்றி மூன்றடிக்காவது மண் வெறுமையாக வெயில் பார்க்கட்டும். களையைப் பிடுங்கலாம், ஆனால் கொத்த வேண்டாம். கொத்திய மண்ணில் காற்று நிறைந்துவிடும், சூடு தங்காது. இறுகிய, ஈரமான மண்தான் அதிகச் சூடு பிடிக்கும். அதனால் தண்ணீரை மாலையில் இலைக்கு விடாமல், முற்பகலில் மண்ணுக்கு விடுங்கள், ஓரடி ஆழம் நனைகிற அளவுக்கு. மாலையில் நனைத்த இலை, அந்த ஈரம் ஆவியாகும்போது இன்னும் குளிர்ந்துபோகும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு.

செல்போன் காட்டும் 4 டிகிரி, தரையிலிருந்து 4 அடி உயரத்துக் காற்றின் வெப்பத்துக்கான கணிப்பு. தெளிந்த இரவில் புல் மட்டத்தில் அதைவிட 3 முதல் 5 டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம். ஒயரில் தொங்கும் சென்சாருடன், இரவின் மிகக் குறைந்த அளவை நினைவில் வைக்கிற டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். சென்சாரைத் திறந்த வெளியில், புல்லுக்கு ஒரு விரல் மேலே வையுங்கள். சுவரோரம் வைத்தால் பொய் சொல்லும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்று மிகவும் வறண்டிருக்கும் இரவில் வெண்மையே படியாது, ஆனால் இலை உறைந்திருக்கும். அன்று காலை புல் பச்சையாகத் தெரிவதைப் பார்த்துத் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது. 10 மணிக்குள் இலை வெந்த கீரைபோல் கண்ணாடியாகித் துவண்டால் அது உறைந்த இலை. மறுநாள் கறுத்து, அதற்கடுத்த நாள் தேயிலைத் தூள்போல் நொறுங்கும்.

மூடுவது இப்படி. கன்றின் விரிவுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நான்கு கம்பு ஊன்றுங்கள். மூங்கிலோ கற்பூர மரக் கம்போ போதும், கன்றைவிட ஓரடி உயரம் இருக்கட்டும். மேலே குறுக்குக் குச்சி கட்டி, அதன்மேல் துணியைப் போட்டு நான்கு பக்கமும் தரை வரை இறக்கி, ஓரத்தில் கல் வையுங்கள். துணி எந்த இலையையும் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் சூடு துணி வழியே வெளியேறும், அந்த இலை கருகும். உங்கள் பைக்குள் நடந்தது இதுதான். சதுர மீட்டருக்கு 30 கிராம் எடையுள்ள வெள்ளை நான்-ஓவன் துணி நல்லது, சுமார் 2 டிகிரி காப்பாற்றும். பழைய போர்வை, கோணிச் சாக்கும் ஆகும், ஆனால் பனியில் நனைந்து கனத்தால் சட்டம் சாயும். குறுக்குக் குச்சியை நெருக்கமாகக் கட்ட வேண்டும்.

மெல்லிய பாலிதீன் தாளுக்கு இந்த வேலை வராது. மண்ணிலிருந்து வரும் வெப்பக் கதிரை அது பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். வேறு வழியில்லை என்றால் உள்ளே துணி, வெளியே பாலிதீன்.

மாலை 4 மணி வாக்கில், மண்ணில் இன்னும் சூடு இருக்கும்போதே மூடுங்கள். இருட்டிய பிறகு மூடினால் ஆறிப்போன சோற்றுக்குத் தட்டு போட்டதுபோலத்தான். காலை 9 மணிக்கு, பனி உருகியதும் எடுத்துவிடுங்கள். பகலில் மூடியே கிடந்தால் மண் வெயில் குடிக்காது, அடுத்த இரவுக்குச் சூடு இருக்காது. பாலிதீனாக இருந்தால் செடி உள்ளேயே வெந்தும் போகும்.

தினமும் எடுத்துப் போட ஆளில்லை என்றால் தழைக் கூடுதான் வழி. ஊட்டி தாவரவியல் பூங்காவில் உறைபனி மாதங்களில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் (என் புனைபெயரில் இருக்கும் அதே செடிதான்) மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இலையோடு வெட்டிய மிலாரைச் செடியைச் சுற்றிச் சாய்வாக ஊன்றி, நுனிகளை மேலே சேர்த்துக் கட்டுவது. தழை வானத்தை மறைக்கும், இடுக்கு வழியே வெளிச்சமும் காற்றும் போகும், தினமும் பிரிக்க வேண்டாம். வைக்கோல் கூரை போட்டாலும் இதே பலன். அதில் தென்கிழக்குப் பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் அங்கிருந்துதான் ஏறுகிறது, காலை வெயில் உள்ளே விழும்.


மன்னவனூர் மேட்டுக்காடு எழுதியது:

கோத்தகிரிக்காரர் சொன்னது அத்தனையும் சரிங்க. கொடைக்கானல் மேல்மலைப் பக்கமும் இதே பாடுதான். விட்டுப்போன ஒண்ணு, கீழ்ப்பக்கம் நிக்கிற அந்த உயிர்வேலி.

குளிர்ந்த காத்து கனமானது. தண்ணி மாதிரி சரிவுல மெதுவா வழிஞ்சு பள்ளத்துல போய்த் தேங்கும். உங்க வேலி அதுக்கு அணை கட்டின மாதிரி நிக்குது. மேல இருக்கிற புல்வெளிக் குளிரெல்லாம் உங்க பத்து சென்ட்ல குளமா நிக்கும். வேலியோட அடிக்கிளைய தரையிலிருந்து மூணடிக்கு வெட்டி விடுங்க. இல்லேன்னா ஓடைப் பக்கம் ரெண்டு இடத்துல ஆறடி அகலத்துக்கு வழி விடுங்க. அதே வேலி மேல்பக்கம் இருந்தா நல்லது, வர்ற குளிரைத் திருப்பி விடும். ஊதுபத்தி ஒண்ணைப் பொழுது சாஞ்ச பிறகு வேலிக்கிட்ட தரையோரமா பிடிச்சுப் பாருங்க. புகை எந்தப் பக்கம் தவழுதுன்னு பார்த்தா குளிர் போற வழி தெரிஞ்சுடும். எங்க தேங்குதோ அங்க கேரட், முட்டைக்கோஸ், பூண்டு வைக்கலாம், அதுக இந்த அளவு பனியத் தாங்கும். பீன்ஸும் உருளையும் அங்க வேண்டாம். இப்ப இருக்கிற பீன்ஸ இந்தப் பனிக்கு மூடி நிறுத்தறது வீண் செலவு. பாத்தியக் காலி பண்ணிட்டு பிப்ரவரி கடைசிக்குப் பிறகு விதைங்க.

பட்டர் ஃப்ரூட்ல முக்கியமானது ஒட்டுக் கட்டின இடம். மேல இலை, கிளை எல்லாம் போனாலும் ஒட்டுக்கு மேல ஒரு சாண் தண்டு உசுரோட இருந்தா மரம் திரும்ப வந்துடும். ஒட்டு செத்துட்டா அடியில இருந்து துளிர்க்கிறது நாட்டு வேர்க்கன்றுதான், நீங்க வாங்கின ரகம் போச்சு. அதனால நவம்பர் நடுவுல, பனி இறங்கறதுக்கு முன்னாடி, ஒட்டுக்கு மேல ஒரு சாண் மறையிற மாதிரி தண்டைச் சுத்தி மண் குவிக்கணும். எருவு கலக்காத, பொலபொலன்னு காஞ்ச மண்ணா இருக்கணும். குவிக்கறதுக்கு முன்னாடி தண்டுல காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து பூசிடுங்க. பட்டர் ஃப்ரூட்டுக்குத் தண்டடி அழுகல் சட்டுனு பிடிக்கும். பிப்ரவரி கடைசியில மண்ணைக் கையால விலக்கிடணும், மண்வெட்டி போட்டா பட்டை சீவிடும். கோடை மழை வரைக்கும் விட்டீங்கன்னா பனி செய்யாததை அழுகல் செஞ்சுடும்.

இந்த வருசம் தாமதமாச்சேன்னு விட்டுடாதீங்க. இப்பவும் குவிக்கலாம், ஜனவரி பாக்கி இருக்கு. மண்ணுக்கு மேல தெரியற தண்டுக்கு முதல் கிளை வரைக்கும் சாக்குத் துணி ரெண்டு சுத்து தளர்வா சுத்துங்க.

பிளம்ஸ், பேரி ரெண்டையும் தொடாதீங்க. இலை உதிர்ந்து தூங்கற மரத்துக்கு இந்தக் குளிர் தேவை, இது இல்லாம ஒழுங்கா பூக்காது. பயம் எல்லாம் பூ விரியற நேரத்துலதான். விரிஞ்ச பூ மைனஸ் 2, மைனஸ் 3க்கே கருக ஆரம்பிக்கும். நுனி மொட்டு வெள்ளை காட்டினதும் ராத்திரி வெப்பமானியப் பாருங்க. தண்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சு விடுங்க, தரையிலிருந்து ரெண்டரை அடி. ராத்திரி உறைஞ்ச பட்டையில மத்தியான வெயில் சுள்ளுனு விழுந்தா தென்மேற்குப் பக்கம் வெடிக்கும். வெள்ளை அடிச்சா அந்தச் சூடு ஏறாது.

தொட்டிங்க சுலபம். வீட்டுச் சுவர் மேற்கு இல்லேன்னா தெற்கு பார்த்த பக்கம், கூரை இறவாணத்துக்கு அடியில ஒட்டி வைங்க. சுவர் பகல்ல சூடு குடிச்சிருக்கும், இறவாணம் வானத்த மறைக்கும். இந்த ரெண்டுக்கே ஃபியூஷியாவும் ஜெரேனியமும் தப்பிச்சிடும். பிகோனியா மட்டும் ராத்திரி உள்ள வரட்டும்.


தலைகுந்தா தோட்டம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வேலி இப்படி ஒரு வேலை செய்யும் என்பது புதிது. மூன்று சந்தேகம். சருகைக் குவித்து இரவில் புகை போட்டால் பனி விலகும் என்கிறார்கள், செய்யலாமா? பூங்காவில் காலையில் ஸ்பிரிங்க்ளர் போடுகிறார்களே, வீட்டிலும் அப்படிப் போடலாமா? கருகின கிளைகளை இப்போதே வெட்டிவிடலாமா? மரத்தக்காளி பார்க்கவே சகிக்கவில்லை.


ஊட்டி நாற்றங்கால் எழுதியது:

புகை வேண்டவே வேண்டாம். புகைத் துகள்கள் மிகவும் நுண்ணியவை. மண்ணும் இலையும் இழக்கும் வெப்பக் கதிரை அவற்றால் மறிக்க முடியாது. மேகமும் மூடுபனியும் மறிப்பதற்குக் காரணம் அவற்றிலிருக்கும் தண்ணீர். நெருப்பின் சூடு கொஞ்சம் உதவும் என்றாலும், ஒரு மூலையில் பெரிதாக எரித்தால் அந்தச் சூடு நேராக மேலே எழும்பிப் போய்விடும், பக்கத்திலிருக்கும் குளிர்காற்றைத்தான் உள்ளே இழுக்கும். இந்த மாதங்களில் பனியில் கருகிய புல் பகலில் காய்ந்து பஞ்சு மாதிரி நிற்கிறது. ஒரு பொறி போதும், பக்கத்துச் சோலை வரைக்கும் போய்விடும்.

ஸ்பிரிங்க்ளர் விஷயத்தில் இரண்டு வேறு வேலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, இரவு முழுவதும் தெளிப்பது. ஒரு கிலோ தண்ணீர் உறையும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை வெளிவிடும். இலைமேல் தண்ணீர் தொடர்ந்து உறைந்துகொண்டே இருக்கும் வரை இலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், அதற்குக் கீழே போகாது. ஆனால் அதே ஒரு கிலோ ஆவியானால் சுமார் 600 கிலோ கலோரியைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஆவியாகும் ஒவ்வொரு பங்குக்கும் ஏழரைப் பங்கு உறைந்தால்தான் கணக்கு நேராகும். நடுவில் மோட்டார் நின்றாலோ, கரண்ட் போனாலோ, தெளிக்காத செடியைவிட மோசமாகச் சாகும். சதுர மீட்டருக்கு மணிக்கு இரண்டரை லிட்டராவது வேண்டும். 100 சதுர மீட்டருக்கு எட்டு மணி நேரம் என்றால் 2,000 லிட்டர். பனிக்கட்டியின் கனத்தில் கிளையும் முறியும். வீட்டுத் தோட்டத்துக்கு இது சரிப்படாது. அரை மணிக்கு ஒருமுறை ஹோஸால் பீய்ச்சுவதைவிடச் சும்மா இருப்பது மேல்.

இரண்டாவது, பூங்காவில் காலையில் தெளிப்பது. அது புல்வெளியிலும் பூப்பாத்தியிலும் படிந்த பனியை வெயில் ஏறுமுன் கரைக்க. உறைந்த புல்லை மிதித்தால் உள்ளே இருக்கும் பனி ஊசி செல் சுவரைக் கிழித்துவிடும், அடுத்த நாள் கால்தடம் கால்தடமாகக் கருகி நிற்கும். சீக்கிரம் கரைத்துவிட்டால் அந்த ஆபத்து குறையும். உங்கள் வீட்டில் புல்வெளி இருந்தால் வெப்பமானி பூஜ்யத்தைத் தாண்டி ஏறத் தொடங்கிய பிறகு தெளிக்கலாம். அதற்கு முன் தெளித்தால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து உறையும். இரவிலேயே உறைந்து கிழிந்த பட்டர் ஃப்ரூட் இலையை எந்தக் காலைத் தண்ணீரும் மீட்காது.

தண்ணீரை இன்னொரு விதத்தில் பயன்படுத்தலாம். 20 லிட்டர் கேனைக் கறுப்பாகப் பெயின்ட் அடித்து, தண்ணீர் நிரப்பி, பகலில் வெயில் படும்படி கன்றின் பக்கத்திலேயே வையுங்கள். மாலையில் துணிக் கூடாரத்துக்குள் அதுவும் அடங்கட்டும். ஒரு கன்றுக்கு இரண்டு கேன். கடுங்குளிர் இரவில் 60 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றைக் கூடாரத்துக்குள் தரையோரம், துணியில் படாமல் வைக்கலாம். எல்இடி வெளிச்சம்தான் தரும், சூடு தராது. ஈரம் படாத ஹோல்டரும், மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் இஎல்சிபி பாதுகாப்பும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

கருகின கிளையை இப்போதே வெட்டிவிடுங்கள். செத்த கிளையில் பூஞ்சை ஏறும், தோட்டமும் சுத்தமாகும்.


கோத்தகிரி மிலார் எழுதியது:

மற்றதெல்லாம் சரி, கடைசி வரியில் மட்டும் உடன்பாடில்லை. ஜனவரியில் எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இலை கறுத்திருந்தாலும் தண்டு பிழைத்திருக்கலாம். இப்போது வெட்டினால் இரண்டு கெடுதல். வெட்டுக்குக் கீழே புதுத் துளிர் கிளம்பும், அடுத்த பனி அதைத் தின்றுவிடும். பிறகு துளிர்க்கச் சத்து இருக்காது. தொங்கும் கருகல் இலை அசிங்கமாக இருந்தாலும், உள்ளே இருக்கும் மொட்டுகளுக்கு அது ஒரு கூரை. ஹைட்ரேஞ்சியாவின் காய்ந்த பூங்கொத்தையும் அப்படியே விடுங்கள், அதற்கடியில்தான் வரும் வருடத்துப் பூமொட்டு இருக்கிறது.


ஊட்டி நாற்றங்கால் எழுதியது:

மரங்களுக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கும் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். பிகோனியா, பீன்ஸ் போன்ற சதைப்பற்றான தண்டுகளை மனதில் வைத்து எழுதிவிட்டேன். அவை கூழாகிவிடும், உடனே எடுத்துவிடுவதுதான் நல்லது. மரத்தக்காளியில் கையால் அழுத்தினால் கூழாக இருக்கும் நுனியை மட்டும் கிள்ளி எடுங்கள், கெட்டியான தண்டை விட்டுவிடுங்கள்.


கோத்தகிரி மிலார் எழுதியது:

அதுவே சரி. வெட்டும் காலம் மார்ச். தினசரி வெப்பமானியில் இரண்டு வாரம் தொடர்ந்து பூஜ்யத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். அப்போது நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிக்கொண்டே வாருங்கள். பழுப்பு என்றால் செத்தது. ஈரப் பச்சை தெரிகிற பகுதியில், உயிருள்ள ஒரு மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். பெருவிரல் தடிமனுக்கு மேற்பட்ட வெட்டுக்கும், வெடித்த பட்டைக்கும் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். சுண்ணாம்பு நன்றாக ஆறிய பிறகு இரண்டையும் சேர்த்துக் கலக்கி, அன்றைக்கே பூசிவிடுங்கள். இரும்பு வாளி ஆகாது, துத்தம் அரித்துவிடும்.

உரத்தையும் அப்போதுதான் தொடங்க வேண்டும். கருகியதைப் பார்த்துப் பதறி இப்போது யூரியாவோ கோழி எருவோ போட்டால் நீர்த்த தளிர் வரும், அதுதான் முதலில் சாகும். அடுத்த வருடம் செப்டம்பரோடு தழைச்சத்தை நிறுத்துங்கள். வடகிழக்குப் பருவமழையில் வருகிற கொழுந்து டிசம்பருக்குள் முற்றியிருக்க வேண்டும்.

இன்றைக்கு மாலையே செய்ய வேண்டியவை: வைக்கோலை வாருங்கள், பைகளை அவிழ்த்து எடுங்கள், மூன்று பட்டர் ஃப்ரூட்டுக்கும் மண் குவியுங்கள். கம்பு நட நேரமில்லை என்றால் இன்று ஓர் இரவுக்கு மூன்று நாற்காலியைச் சுற்றிப் போட்டு, அதன்மேல் போர்வையைத் தரை வரை இறக்கினாலும் போதும். வேலியின் அடிக்கிளையை ஞாயிற்றுக்கிழமை வெட்டிக்கொள்ளலாம். வெட்டியதை எரிக்காதீர்கள், தழைக் கூடு கட்ட அதுவே ஆகும்.